மடியில் கனம்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தற்காப்புத் துப்பாக்கி என்னும் கேள்வி

1. கேள்வி

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் துப்பாக்கி என்றால் மூன்று துப்பாக்கிகள் நினைவுக்கு வரும். ஒன்று, வசதியான வீட்டின் சுவரில் மாட்டியிருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி. இரண்டு, மலையோரங்களில் மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. மூன்று, போலீஸ் துப்பாக்கி. தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தனி மனிதர் ஒருவர் இடுப்பில் மறைத்து எடுத்துச்செல்லும் கைத்துப்பாக்கியை இங்கே கண்டவர்கள் குறைவு.

ஆனாலும் அந்த நான்காவது துப்பாக்கியைப் பற்றிய கேள்வி இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. அமெரிக்காவில் ஒவ்வொரு தேர்தலிலும் எழும் விவாதத்தின் எதிரொலியாக மட்டும் அது இங்கே வரவில்லை. நம் சட்டப் புத்தகத்திலேயே அதற்கு ஒரு வரி இருக்கிறது. பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைகள் தடுப்பு விதிகள் 1995இல் வந்தன. அவற்றின் மூன்றாம் விதி, வன்கொடுமை நிகழக்கூடும் என அடையாளம் காணப்பட்ட பகுதிகளில், தேவை எனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும் என்று மாநில அரசுக்குச் சொல்கிறது. தற்காப்புக்காகக் குடிமக்களில் ஒரு பிரிவினரின் கையில் ஆயுதம் கொடுக்கலாம் என்று இந்திய அரசே எழுதி வைத்த இடம் அது. வழக்கறிஞர்களும் களப்பணியாளர்களும்கூட இதை எடுத்துப் பேசுவது அரிது.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவருக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை உண்டா என்பது ஒன்று. அந்தத் துப்பாக்கி அவரைக் காக்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று சொன்னதாலேயே இரண்டாவதற்கும் ஆம் என்று ஆகிவிடாது. இரண்டாவதற்கு இல்லை என்று சொல்பவர், முதல் கேள்வியைக் கேட்டவரின் அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. இந்தக் கட்டுரை இரண்டையும் விழுப்புரம் வட்டாரத்தின் அனுபவத்தில் வைத்துப் பார்க்கிறது.

2. பறித்த ஆயுதமும் மறுத்த உரிமையும்

லிட்டன் ஆட்சிக் காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. விடுதலை இயக்கம் இதைத் தேசிய அவமானமாகக் கருதியது. அகிம்சையின் பெயரால் அறியப்படும் காந்தியே, ஒரு நாடு முழுவதையும் நிராயுதபாணியாக்கிய அந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் தீச்செயல்களிலேயே மிகக் கறுத்ததாகத் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டார். 1928இன் நேரு அறிக்கையும் 1931இன் கராச்சித் தீர்மானமும், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமகனின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகப் பட்டியலிட்டன.

இவ்வளவு பேசிய இயக்கம் அரசமைப்பை எழுதும்போது அந்த உரிமையை விட்டுவிட்டது. 1948 டிசம்பர் தொடக்கத்தில் அரசமைப்பு அவையில் எச்.வி.காமத் அதைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்நிய ஆட்சியில் அந்தக் கோரிக்கைக்கு இருந்த பொருள் இப்போது இல்லை. நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவது குடிமகனின் கடமை என்பதைத்தான் வலியுறுத்த வேண்டும், தனி மனிதரின் உரிமை என்பதை அல்ல என்பது அவருடைய வாதத்தின் சாரம். இறுதியில் உறுப்பு 19 அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத் தந்தது. கிர்பான் அணிவதை மட்டும் சீக்கியரின் சமய உரிமையாக உறுப்பு 25இன் விளக்கம் ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றங்களும் பெரும்பாலும் இந்தத் தடத்திலேயே நின்றன. 1993இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் உறுப்பு 21இலிருந்தே தற்காப்பு ஆயுத உரிமையை வருவிக்க முயன்றார். அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு பின்னர் அதை ஏற்கவில்லை. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்து வழக்கு ஒன்றில், அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் ஏந்தும் அடிப்படை உரிமை எவருக்கும் இல்லை என்பதை நினைவூட்டி, உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

அம்பேத்கரின் நிலைப்பாட்டை இந்த வட்டாரத்தில் இன்று படிப்பவருக்கு ஓர் இடறல் இருக்கும். சாதி இந்துக்களின் கூட்டு வன்முறையை அவரைவிட நெருக்கமாக அறிந்தவர் அந்த அவையில் இல்லை. அவர் ஏன் தற்காப்பு உரிமையைக் கேட்கவில்லை? நான் புரிந்துகொண்ட அளவில், அந்த உரிமை எல்லோருக்கும் ஒரே எழுத்தில் கிடைத்தாலும் ஒரே அளவில் கைக்கு வராது என்பதே விடை. நிலமும் பணமும் அதிகாரியின் செவியும் யாரிடம் இருக்கின்றனவோ, துப்பாக்கியும் அவரிடமே முதலில் போய்ச்சேரும்.

3. உரிமம் என்னும் வாசல்

இப்போதுள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் ஆட்சியர். அதற்குக் காவல்துறையின் விசாரணை அறிக்கை வேண்டும். பயிரைக் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும், பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ நீண்ட குழல் துப்பாக்கிக்கும் சட்டம் ஓரளவு இளகிய வழி வைத்திருக்கிறது. கைத்துப்பாக்கிக்கோ, தக்க காரணம் இருப்பதாக ஆட்சியர் மனநிறைவு அடைய வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும், பத்திரமாக வைத்திருப்பதற்கான உறுதிமொழியையும் கேட்கின்றன. 2019இன் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது.

மறைத்து எடுத்துச்செல்வது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. உரிமம் பெற்றவர் துப்பாக்கியை வெளியே தெரியும்படிதான் எடுத்துச்செல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2016 விதிகளின் 32ஆம் விதி அதற்கு நேர் எதிரானது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையிலோ பையிலோ இருக்க வேண்டும். முழுமையாக மூடியிருக்க வேண்டும். எடுத்துச்செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டுவதும் கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவதும் குற்றம். ஆக, அமெரிக்காவில் தனிச் சண்டையாக நடந்த மறைத்து ஏந்தும் விவாதம் இங்கே சட்டத்தின் ஒரு வரியில் முடிந்துவிட்டது. யார் ஏந்தலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எண்கள் இதைக் காட்டுகின்றன. 2016 இறுதியில் நாடு முழுவதும் சுமார் 33.7 லட்சம் உரிமங்கள் நடப்பில் இருந்ததாக உள்துறை அமைச்சகத்தின் கணக்கு சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் 22,532. 2011இன் மக்கள்தொகையோடு வகுத்தால் உத்தரப் பிரதேசத்தில் ஏறக்குறைய 156 பேருக்கு ஓர் உரிமம். தமிழ்நாட்டில் 3,200 பேருக்கு ஒன்று. தமிழ்நாட்டின் கொலைகளில் அரிவாளுக்கு உள்ள இடம் துப்பாக்கிக்கு இல்லை என்பதை நாளிதழ் படிப்பவர் எவரும் அறிவர். இந்தக் குறைந்த எண்ணை இந்த மாநிலம் இழக்கக்கூடாத ஒரு சொத்தாகவே நான் பார்க்கிறேன். அரிவாளோடு வந்தவனிடமிருந்து ஓடித் தப்பியவர்கள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு பிழைத்தவர்கள் உண்டு. துப்பாக்கி அந்த இடைவெளியைத் தராது.

விலையையும் பார்க்க வேண்டும். டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பின், பெண்களின் தற்காப்புக்கென்று கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் நிர்பீக் என்ற சிறு ரிவால்வரைக் கொண்டுவந்தது. விலை ஏறக்குறைய 1,22,000 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 167 ரூபாய். ஒலக்கூரிலோ வல்லத்திலோ கூலிவேலை செய்யும் பெண் அந்த ரிவால்வரை வாங்க அன்று 730 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஆண்டுக்கு நூறு நாள் என்றால் ஏழு ஆண்டுக்கு மேல், ஒரு காசும் செலவழிக்காமல். ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக்கூடாது என்று சொல்கிறது. நல்ல வரி. ஆனால் கீற்றுக் குடிசையில் பூட்டிய இரும்புப் பெட்டி எங்கே வைப்பது என்பதற்கு அந்தப் பிரிவில் விடை இல்லை.

4. மூன்றாம் விதி

1995 விதிகளின் மூன்றாம் விதியை முழுவதுமாகப் படித்தால்தான் அதன் ஒழுங்கு புரியும். உரிமம் வழங்கச் சொல்லும் வரி தனியாக நிற்கவில்லை. வன்கொடுமை நிகழக்கூடிய, அல்லது மீண்டும் நிகழும் என அஞ்சத்தக்க பகுதிகளை முதலில் அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்குள்ள நிலைமையை ஆராய வேண்டும். பிறகு, தேவை எனக் கருதினால், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் பெயரில் உள்ளவற்றுக்கும் இது பொருந்தும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும்; அவற்றைச் செய்வதைத் தடுக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகே, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவை எனக் கருதினால், ஒடுக்கப்பட்டவருக்கு உரிமம்.

இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று நான் நம்பவில்லை. விதியை எழுதியவர்கள் கீழ்வெண்மணியை அறிந்தவர்கள். 1968 டிசம்பர் 25 இரவு அங்கே 44 உயிர்கள் தீயில் வெந்தன. தாக்க வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. கூலி கேட்டவர்களிடம் இல்லை. பீகாரின் படுகொலைகளையும் அவர்கள் அறிவார்கள். விதி வந்த பிறகும் அவை நிற்கவில்லை: 1997 டிசம்பர் 1 அன்று, லட்சுமண்பூர் பாதேயில் நிலவுடைமையாளர்களின் ஆயுதப் படையான ரண்வீர் சேனை 58 பேரைச் சுட்டுக் கொன்றது. உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் என்று விதி விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பண்ணையாரின் துப்பாக்கி பண்ணையாரின் பெயரில் மட்டும் இருப்பதில்லை என்பதைக் களத்தை அறிந்த ஒரு கை அதில் எழுதியிருக்கிறது.

ஆகவே மூன்றாம் விதி இருமுனை கொண்டது. ஆதிக்கம் உள்ளவரிடமிருந்து எடு. ஆபத்தில் உள்ளவருக்குக் கொடு. தற்காப்பு உரிமையைப் பற்றிய பேச்சில் இரண்டாவது முனையே கண்ணில் படுகிறது, கவர்ச்சியாகவும் இருக்கிறது. முதல் முனையில்தான் விழுப்புரத்துக்கு வேலை இருக்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை இனி இந்த மாவட்டத்தின் வன்முறை நடக்கும் விதத்திலிருந்து எடுத்துக்காட்ட வேண்டும்.

5. இங்கே வன்முறை எப்படி நடக்கிறது

1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். ஓர் எல்லையோரக் கிராமத்தில் அல்ல, ரயில் சந்திப்பும் கடைத்தெருவும் காவல் நிலையமும் உள்ள ஊரில், ஒரே நாளில் முடிந்துவிடாமல் சில நாட்கள் நீண்டு நடந்தது அது. அன்று விழுப்புரம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆட்சியர் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளிக் கடலூரில். கொலைகளைச் செய்தது துப்பாக்கி அல்ல. கத்தி, கழி, தீ, கும்பல்.

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் நடந்ததும் இப்படித்தான் தொடங்கிப் பரவியது. மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் சங்க இளைஞர் விழாவுக்கு வண்டிகளில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோதல் மூண்டது. தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களில் இருவர் இறந்தார்கள். இரு தரப்பும் இன்றும் வெவ்வேறு கதை சொல்கின்றன. அந்தச் சாலையில் இரு பக்கமும் பத்துப் பத்துக் கைத்துப்பாக்கி இருந்திருந்தால் இறந்தவர்களின் எண்ணிக்கை என்னவாகியிருக்கும் என்பதை மட்டும் யோசித்துப் பார்க்கலாம்.

இந்த நிகழ்வுகளின் பொது வடிவம் முக்கியம். ஊரும் காலனியும் தனித்தனியே கிடக்கின்றன. ஊரிலிருந்தோ சாலையிலிருந்தோ கும்பலாக வருகிறார்கள். முதலில் எரிவது கூரை. ஆட்கள் வயல் வழியே ஓடுகிறார்கள். முதியவர்களும் குழந்தைகளும் பின்தங்குகிறார்கள். தற்காப்புத் துப்பாக்கியை ஆதரிப்போர் மனதில் இருக்கும் காட்சி வேறு: இருட்டில் ஒரு திருடன், அவன் எதிரே ஒரு குடிமகன். அந்தக் காட்சியில் துப்பாக்கிக்கு ஓரளவு பொருள் உண்டு. எரியும் கூரையின் கீழே நிற்பவர் எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவார்?

சட்டம் இந்தச் சூழலையும் எதிர்பார்த்தது என்பதைச் சொல்ல வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, இப்போது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 44ஆம் பிரிவு, கொல்ல வரும் கும்பலை நோக்கிச் சுட்டால்தான் உயிர் பிழைக்க முடியும் என்ற நிலையில், கூட்டத்தில் கலந்திருக்கும் சிறுவர்களுக்குத் தீங்கு நேர்ந்தாலும் சுட்டவர் குற்றவாளி அல்ல என்று எடுத்துக்காட்டோடு விளக்குகிறது. மதுரையில் 2012இல், மகளைக் காக்கக் கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற ஒரு பெண்ணைக் காவல்துறை தற்காப்புப் பிரிவைச் சுட்டி விடுவித்ததும் உண்டு. ஆனால் காலனிக்காரர் ஒருவர் ஊர்க் கூட்டத்தை நோக்கிச் சுட்டால் அவர் வழக்கு அப்படிப் போகுமா? வன்கொடுமைப் புகார் கொடுத்தவர்மீதே எதிர் வழக்குப் பதிவாகும் வழக்கத்தை அறிந்தவர் அதை நம்பத் தயங்குவார். அவர் சுட்ட ஒரு குண்டு, அதுவரை நடந்த அத்தனையையும் இரு தரப்பு மோதல் என்று எழுதப் போதுமான காரணமாகிவிடும். தற்காப்பின் சட்டம் எழுத்தில் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், முதல் தகவல் அறிக்கை எழுதும் பேனா எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது உயிர் பெறுகிறது.

இருளர்களின் நிலை இதைவிடக் கூர்மையானது. திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் பணி வரலாற்றைப் பார்த்தால், இந்த மக்களுக்கு நேர்ந்த ஆபத்துகளில் பெரும்பங்கு பொய் வழக்கு, காவல் நிலையச் சித்திரவதை, அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமை. 2011 நவம்பரில் திருக்கோவிலூரை அடுத்த டி.மண்டபத்தில் இருளர் பெண்கள் நால்வர் புகார் சொன்னது காவலர்கள்மீதுதான். சீருடையே அச்சுறுத்தலாக நிற்கும் இடத்தில் தற்காப்புத் துப்பாக்கி என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. அந்த மக்களுக்குச் சாதிச் சான்றிதழ், பட்டா, இரவில் கைது செய்தால் உடனே வரும் வழக்கறிஞர் ஆகியவையே தற்காப்பு. அந்தச் சங்கம் இவற்றுக்காகத்தான் போராடியது.

அரசின் துப்பாக்கியையும் இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் நடத்திய சாலை மறியலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் உட்பட 21 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கான மணிமண்டபம் 2025 ஜனவரியில் விழுப்புரம் வழுதரெட்டியில் திறக்கப்பட்டது. அந்த மறியலின் நாட்களில் தலித் குடிசைகள் எரிந்ததும் இதே மண்ணின் நினைவு. இரு நினைவையும் ஒருசேர வைத்திருப்பது கடினம். ஆனால் துப்பாக்கியைப் பற்றி எழுதுபவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

6. துப்பாக்கி வேண்டும் என்போரின் தரப்பு

எதிர்வாதத்தின் மிக வலுவான வடிவம் கொங்குப் பகுதியிலிருந்து வந்தது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூவரும், 2025இல் சிவகிரி அருகே முதிய தம்பதியும் தோட்டத்து வீடுகளில் கொல்லப்பட்டதும், தனியே வாழும் விவசாயிகளுக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. பிள்ளைகள் வெளியூரில், பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை, போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த அச்சம் உண்மையானது. செஞ்சி, மயிலம் பக்கத்து மோட்டார் கொட்டகைகளிலும் வயல் வீடுகளிலும் தனியே இருப்போருக்கும் அது பொருந்தும்.

ஆனால் தூக்கத்தில் தாக்கப்படும் எழுபது வயதுக்காரரின் தலையணைக்கடியில் உள்ள துப்பாக்கி, அவர் கைக்கு வரும் முன் வந்தவர் கைக்குப் போகும் வாய்ப்பே அதிகம். பாதுகாப்பு விதிப்படி அது பூட்டிய பெட்டியில் இருந்தால் எடுக்க நேரம் இல்லை. பூட்டாமல் இருந்தால் பேரப்பிள்ளை எடுப்பான். வீட்டுத் துப்பாக்கியின் இந்த முரண்பாட்டுக்கு எந்த நாடும் நல்ல தீர்வு கண்டதில்லை.

அரசியல்வாதிகளின் அனுபவமும் ஒரு சான்று. 2006 மே 8 அன்று திண்டிவனத்தில் அன்றைய அமைச்சர் சி.வி.சண்முகத்தின் வீட்டில் நடந்த தாக்குதலில் ஒருவர் கொல்லப்பட்டார். சண்முகம் உயிர் தப்பினார். பின்னாளில் காவல் பாதுகாப்பு விலக்கப்பட்டபோது அவர் அதைக் கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடினார். அமைச்சராக இருந்தவருக்கே காவலர் தேவைப்படுகிறார் என்றால், மேலவளவில் 1997இல் உடனிருந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்ட தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு தேவை? முருகேசன் ஓடும் பேருந்தை மறித்த கும்பலிடம் சிக்கினார். அச்சுறுத்தல் முன்பே ஊரறிந்தது. கொலைக்கு முன்னமே தெரிந்திருந்ததை அரசு தடுக்கவில்லை என்பதே அங்கே குற்றம்.

நம் நிர்வாகம் தன் நடைமுறையால் சொல்லும் சாட்சியமும் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஊரில் பதற்றம் கூடும் நேரத்தில், உரிமையாளரின் உயிருக்கு அச்சுறுத்தலும் கூடும் நேரத்தில், துப்பாக்கி வீட்டில் இருப்பதைவிட ஸ்டேஷனில் இருப்பது மேல் என்று அரசே நம்புகிறது.

7. அமெரிக்காவிலிருந்து இரண்டு செய்திகள்

அமெரிக்காவின் இரண்டாம் திருத்தத்தைத் தனி மனித உரிமை என்று 2008இன் ஹெல்லர் தீர்ப்பு சொன்னது. 2022 ஜூனில் ப்ரூயன் தீர்ப்பு, மறைத்து ஏந்தத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை நீக்கியது. நம் ஆயுதச் சட்டத்தின் தக்க காரணம் என்ற தேவைக்கு மிக நெருங்கிய சட்டம் அது. துப்பாக்கி பெருகினால் குற்றம் குறையும் என்று ஜான் லாட் 1998இல் எழுதினார். 2004இல் அந்நாட்டின் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு அந்த முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. கேட்பவருக்கெல்லாம் உரிமம் தரும் சட்டங்கள் கொலையைக் கூட்டுகின்றன என்பதை ஆதாரங்கள் ஆதரிப்பதாக ராண்ட் நிறுவனத்தின் பிற்கால மதிப்பாய்வு கண்டது. மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகமாக உள்ள அந்த நாட்டின் கணக்கை 3,200 பேருக்கு ஓர் உரிமம் உள்ள மாநிலத்துக்கு அப்படியே ஏற்றிவிட முடியாது என்றாலும், அது காட்டும் திசை ஆறுதல் தருவதாக இல்லை.

இரண்டாவது செய்தி எனக்கு இதைவிட நெருக்கமானது. 1956 ஜனவரி 30 அன்று அலபாமாவின் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் மறைத்து ஏந்தும் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். கொடுக்கவில்லை. உயிருக்கு அச்சுறுத்தல் இல்லை என்று அவரைப் பற்றி யார் சொல்லியிருக்க முடியும்? உரிமம் வழங்கும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவர்களே அவர் எதிர்த்துப் போராடிய ஒழுங்கின் காவலர்கள். கிங் பின்னர் வீட்டிலிருந்த துப்பாக்கிகளையும் அகற்றி முழு அகிம்சைக்குப் போனார். அது அவருடைய தேர்வு. ஆனால் அந்த மறுப்பை அவருடைய அகிம்சையால் நியாயப்படுத்த முடியாது. தக்க காரணம் என்ற சொல் நடுநிலையானது. அதை எடைபோடும் மேசை நடுநிலையாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு காலனியைச் சேர்ந்தவர் கைத்துப்பாக்கி உரிமம் கேட்டு மனு கொடுத்தால், அந்த மனுவை விசாரிக்க வரும் அறிக்கைகள் எந்த ஊரிலிருந்து, யாரைக் கேட்டு எழுதப்படும்?

8. எஞ்சி நிற்பது

உரிமம் கேட்கும் தலித்திடம் நீ கேட்கக் கூடாது என்று சொல்லும் தகுதி, அவரை நோக்கி நிற்கும் துப்பாக்கியை அகற்றாத எவருக்கும் இல்லை. தனிப்பட்ட அச்சுறுத்தல் உள்ள ஊராட்சித் தலைவருக்கோ சாட்சிக்கோ மூன்றாம் விதியின்படி உரிமம் கொடுக்க வேண்டிய நேரம் வரலாம். அப்போது சொத்தையோ படிப்பையோ காரணம் காட்டி மறுக்கக் கூடாது. காவலர் ஒருவரையும் உடன் அனுப்ப வேண்டும். ஆனால் ஒரு சமூகத்தின் பாதுகாப்பை அப்படிப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. 2011 கணக்கெடுப்பில், பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தின் 34.6 லட்சம் மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அத்தனை பேருக்கும் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி என்று எவரும் கனவு காண்பதில்லை. காண்பது சரியும் அல்ல.

இதே மாவட்டத்தின் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். 2023இல் தலித்துகள் உள்ளே வந்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின், காவலர் சூழ அவர்கள் உள்ளே போய் வழிபட்டார்கள். அந்த வழிபாட்டை நடத்திக்கொடுத்தது அரசின் கை. தாமதமாக வந்தது, தயங்கி வந்தது, ஆனாலும் வந்தது. அதை அடுத்த ஊரில் தாமதமின்றி வரச்செய்வதே தற்காப்பைப் பற்றிக் கவலைப்படுவோரின் வேலை.

அதற்கு மூன்றாம் விதியின் முதல் முனையே கருவி. 1995 விதிகளின் 17ஆம் விதிப்படி மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் தலைவர் ஆட்சியர். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். துப்பாக்கி உரிமம் வழங்குபவரும் அதே ஆட்சியர். வன்கொடுமைக்கு வாய்ப்புள்ள ஊர்களின் பட்டியலும் உரிமம் பெற்றவர்களின் பதிவேடும் அவருடைய நிர்வாகத்திலேயே இருக்கின்றன. அந்த ஊர்களில் எத்தனை துப்பாக்கி, யார் யார் பெயரில், எத்தனை ரத்தாயின, ரத்து செய்யாததற்கு எழுதிய காரணம் என்ன என்ற நான்கு கேள்விகளை ஒவ்வொரு கூட்டத்திலும் குழு உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும். பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்ய வேண்டும். பட்டியலையும் பதிவேட்டையும் ஒரே மேசையில் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு பிற்பகல் போதும்.